நாணயம் என்றால் இரண்டு அர்த்தம்

தமிழில் 'நாணயம்' என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், அதை இந்திக்காரர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். கையில் புரளும் காசும் நாணயம்தான். "அவர் நாணயமான மனுஷன்" என்று சொன்னால் நேர்மையும் நாணயம்தான். நாக்பூரில் எங்கள் கிளையில் பக்கத்து சீட்டு நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ உங்க ஊரில் காசு வெச்சிருக்கிறவன் எல்லாம் நல்லவனா?" என்றார். "இல்லை சார், வாங்கின காசைத் திருப்பிக் கொடுக்கிறவன் நல்லவன்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த இரண்டு அர்த்தத்துக்கும் நடுவில் வாழ்நாள் முழுக்க அல்லாடிய ஒரு மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பெயர் தாமஸ் ஹார்ட் பென்டன். அமெரிக்கா இன்னும் மேற்கே மேற்கே நகர்ந்துகொண்டிருந்த காலத்து வக்கீல், மிசௌரி மாநிலத்து செனட்டர். (இதே பெயரில் புகழ்பெற்ற ஓவியர் ஒருவர் இருக்கிறார். அவர் இந்தக் குடும்பத்தில் பின்னால் வந்தவர். நான் சொல்வது பெரியவரை.)

பி.காம். படித்துவிட்டு பேங்க் வேலைக்கு வந்தவனுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பழைய ரூபாய் நோட்டு, டாலர் நோட்டுப் படங்களைப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. (வாங்கிச் சேர்க்க வசதி இல்லை. பார்ப்பதோடு சரி.) அப்படித்தான் 1882 வரிசை அமெரிக்க நூறு டாலர் தங்கச் சான்றிதழ் ஒன்றைப் பார்த்தேன். 1922 வரிசையிலும் அதே முகம். யார் இந்தப் பெரியவர் என்று தேடினால், வாழ்க்கை முழுக்க காகிதப் பணத்தைத் திட்டித் தீர்த்த ஆசாமியாம்! தங்கமும் வெள்ளியும் மட்டும்தான் பணம் என்று செனட்டில் மணிக்கணக்கில் பேசியவர். 'ஓல்டு புல்லியன்' என்பது பட்டப்பெயர். 'தங்கக்கட்டித் தாத்தா' என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர் படத்தைக் கொண்டுபோய்க் காகிதத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அந்த நோட்டை நீட்டினால் அன்றைக்கு அரசாங்கம் தங்கம் தரும் என்பதால் பெரியவர் ஆவி கொஞ்சம் சமாதானம் ஆகியிருக்கும்.

சரி, கதைக்கு வருவோம்.

1782-ல் வட கரோலினாவில் பிறந்தவர். அப்பா வக்கீல், நிலபுலன் உள்ளவர். பையனுக்கு எட்டு வயசு வாக்கில் அப்பா இறந்துவிட்டார். வீட்டுக்கு மூத்த மகன் இவர்தான். சாப்பல் ஹில்லில் இருந்த பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். 1799-ல் அங்கிருந்து வெளியேற்றினார்கள். காரணம், கூடப் படித்த பையன்களின் பணத்தைத் திருடியது. அவரே ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்குப் பதினாறு, பதினேழு வயசு.

நாணயத்துக்காகப் பின்னாளில் முழங்கப் போகிறவருடைய முதல் பதிவே திருட்டு! இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அம்மா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு டென்னஸிக்குப் போனார். நாஷ்வில்லுக்குத் தெற்கே அப்பா விட்டுப்போன நிலம் இருந்தது. அன்றைக்கு அது எல்லைப்புறம். காட்டைத் திருத்தி, வீடு கட்டி, சட்டம் படித்து, 1806-ல் பென்டன் வக்கீல் ஆனார். 1809-ல் மாநில செனட்டுக்குப் போனார். ஆண்ட்ரூ ஜாக்சன் என்ற உள்ளூர்ப் பிரமுகருக்கு நெருக்கமானார். ஆமாம், பின்னாளில் ஜனாதிபதியான அதே ஜாக்சன்தான்.

அந்த நட்பு முறிந்தது சினிமாச் சண்டை மாதிரி. பென்டனின் தம்பி ஜெஸ்ஸிக்கும் இன்னொருவருக்கும் நடந்த துப்பாக்கி மோதலில், எதிராளிக்கு உடன் நின்றவர் ஜாக்சன். அண்ணனுக்குக் கோபம் வந்து கண்டபடி பேச, ஜாக்சன் சாட்டையோடு கிளம்பினார். 1813 செப்டம்பர் 4-ம் தேதி நாஷ்வில் ஹோட்டல் ஒன்றில் இரண்டு கோஷ்டியும் மோதின. ஜாக்சனின் இடது கையில் குண்டு பாய்ந்தது. அதை எடுக்கவே 1832 ஆயிற்று. அதற்குள் அவர் ஜனாதிபதியாகி, இவர் செனட்டில் அவருக்கு வலதுகரமாகி இருந்தார்! அரசியல் என்றால் எல்லா ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஜாக்சனைப் பகைத்துக்கொண்டு டென்னஸியில் வக்கீல் தொழில் நடத்த முடியுமா? 1815-ல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த செயிண்ட் லூயிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பிழைக்க ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இந்த இடம் நன்றாகவே புரியும். புது ஊரில் போய் முதலில் பெயரைச் சம்பாதிக்க வேண்டும். பென்டன் சம்பாதித்த விதம்தான் பயங்கரம். சார்லஸ் லூகாஸ் என்று ஒரு இளம் வக்கீல். கோர்ட்டில் எதிரெதிர் நின்றவர்கள். 1817-ல் ஒரு தேர்தல் நாளில், "இவர் வரி கட்டினாரா, ஓட்டுப் போடத் தகுதி உண்டா?" என்று லூகாஸ் கேட்டுவிட்டார். பென்டன் பதிலுக்கு அவரை நாய்க்குட்டி என்றார். ஆற்றின் நடுவே இருந்த தீவில் ஆகஸ்டில் ஒரு முறை துப்பாக்கியோடு சந்தித்தார்கள். இருவருக்கும் காயம். அதோடு விட்டிருக்கலாம். பென்டன் விடவில்லை. செப்டம்பரில் இரண்டாம் முறை, ரொம்பப் பக்கத்தில் நின்று சுட்டார். லூகாஸ் இறந்துபோனார். வயது இருபத்தைந்து. வரி கட்டினாயா என்று கேட்டதற்கு ஒரு உயிர்.

இவரையா நாணயஸ்தர் என்கிறாய் என்று கேட்காதீர்கள். நான் இன்னும் அப்படிச் சொல்லவில்லை.

* * *

1821-ல் மிசௌரி மாநிலமானது. அதன் முதல் இரண்டு செனட்டர்களில் ஒருவர் பென்டன். அன்றைக்கு செனட்டரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும். இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். 1851 வரை முப்பது வருடம் தொடர்ந்து இருந்தார். அதற்குமுன் யாரும் செனட்டில் அத்தனை வருடம் இருந்ததில்லை.

அந்தக் காலத்துப் பணம் எப்படி இருந்தது என்று சொன்னால் பேங்க்காரர்களுக்குத் தலை சுற்றும். அரசாங்க நோட்டு என்று ஒன்று கிடையாது. உலோகக் காசுகளை மட்டும் அரசாங்கம் அடித்தது. நோட்டை ஒவ்வொரு தனியார் பேங்கும் அதது இஷ்டத்துக்கு அச்சடித்தது. ஒரு ஊர் பேங்க்கின் பத்து டாலர் நோட்டு அடுத்த மாநிலத்தில் எட்டுக்கோ ஒன்பதுக்கோதான் போகும். பேங்க் மூடிவிட்டதா, நோட்டு நிஜமா கள்ளமா என்று பார்ப்பதற்கென்றே கடைக்காரர்கள் கல்லாப்பெட்டியில் ஒரு பட்டியல் புத்தகம் வைத்திருப்பார்கள். 1819-ல் பெரிய பொருளாதார நெருக்கடி வந்தது. செயிண்ட் லூயியில் இருந்த பேங்க்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. நோட்டை வைத்திருந்த குடியானவன் கையில் மிஞ்சியது வெறும் காகிதம்.

பென்டனுக்குக் காகிதத்தின்மேல் வந்த வெறுப்புக்கு வேர் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மேற்கே நிலம் வாங்க வந்தவன் உழைத்துச் சம்பாதித்ததை எங்கோ கிழக்கே இருக்கிற முதலாளி காகிதத்தை அடித்துக் கரைத்துவிடுகிறான் என்பது அவர் வாதம். பிலடெல்பியாவில் நிக்கோலஸ் பிடில் என்பவர் தலைமையில் 'செகண்ட் பேங்க் ஆஃப் த யுனைட்டெட் ஸ்டேட்ஸ்' இருந்தது. அரசாங்கக் கஜானாவே அதன் கையில். அதன் உரிமத்தை நீட்டிக்கக் கூடாது என்று 1831-லேயே செனட்டில் முழங்கினார் பென்டன். 1832 ஜூலையில் ஜாக்சன் அந்த நீட்டிப்பு மசோதாவை ரத்து செய்தார். அரசாங்கப் பணத்தை அங்கிருந்து எடுத்ததற்காக 1834-ல் செனட் ஜாக்சனுக்குக் கண்டனத் தீர்மானம் போட்டது. அதை நீக்க மூன்று வருடம் விடாமல் மல்லுக்கட்டினார் பென்டன். 1837 ஜனவரி 16 அன்று 24-க்கு 19 ஓட்டில் ஜெயித்தார். பழைய குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லி, அந்தத் தீர்மானத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டு, நீக்கப்பட்டது என்று எழுதவைத்தார்கள். லெட்ஜரில் தப்பான என்ட்ரியை அடிப்பது மாதிரியேதான்!

1834-ல் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருந்த விலை விகிதத்தை 15-க்கு 1 என்பதிலிருந்து 16-க்கு 1 என்று மாற்றினார்கள். இதற்காகப் பாடுபட்டவர்களில் பென்டன் முக்கியமானவர். அதுவரை ஒளிந்திருந்த தங்கக்காசு புழக்கத்துக்கு வந்தது. 'பென்டனின் மிட்டாய்' என்கிற மாதிரி அந்தக் காசுகளுக்குச் செல்லப்பெயர்கூட வைத்தார்கள்.

அடுத்தது 1836 ஜூலை 11 உத்தரவு. இனி அரசாங்க நிலம் வாங்குகிறவர்கள் தங்கமாகவோ வெள்ளியாகவோதான் கட்ட வேண்டும், காகிதம் செல்லாது. பென்டன் கேட்டு செனட் ஒப்புக்கொள்ளாததை ஜாக்சன் உத்தரவாகவே போட்டுவிட்டார். நிஜமாகவே குடியேறிப் பயிர் செய்கிறவர்களுக்கு மட்டும் 320 ஏக்கர் வரை டிசம்பர் 15 வரைக்கும் விலக்கு.

2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி எட்டு மணி அறிவிப்புக்கு அப்புறம் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். "இந்தக் காகிதம் இனி செல்லாது" என்று அரசாங்கம் சொன்னால் வரிசையில் நிற்பவர் முகம் எப்படி மாறும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1836-ம் 2016-ம் ஒன்று என்று சொல்ல வரவில்லை, இரண்டுக்கும் காரணம் வேறு, விதம் வேறு. ஆனால் மேலே இருப்பவர் ஒரு வரியில் போடும் உத்தரவு கீழே இருப்பவர் கையில் என்னவாகப் போய்ச் சேருகிறது என்பது மட்டும் மாறுவதே இல்லை. 1837 மே 10 அன்று நியூயார்க் பேங்க்குகள் நோட்டுக்குக் காசு தருவதை நிறுத்தின. நாடெங்கும் நெருக்கடி. இந்த உத்தரவும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு, இங்கிலாந்தில் வட்டி ஏறியதும் பருத்தி விலை விழுந்ததும்தான் பெரிய காரணம் என்கிறவர்களும் உண்டு. பென்டன் கடைசிவரை அசைந்துகொடுக்கவில்லை.

* * *

இனி நான் ஏன் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பது.

அவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு கடன் மனு என் மேஜைக்கு வந்தது. (வாடிக்கையாளர் விஷயம் என்பதால் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.) தையல் கடை வைத்திருக்கும் பையன், வயது முப்பதுக்குள். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கும் ஆர்டர் இருக்கிறது, பவர் மெஷின் வாங்க மூன்று லட்சம் வேண்டும். கடை நன்றாக நடக்கிறது. வாடகை பாக்கி இல்லை. கரண்ட் பில் ஒன்றுகூட தாமதம் இல்லை. ஆனால் சிபில் ரிப்போர்ட்டைத் திறந்தால் 'செட்டில்டு' என்று ஒரு பழைய வரி. இருபத்தோரு வயசில் பைக் லோன் வாங்கி, பாதியில் நிறுத்தி, கடைசியில் ஏதோ ஒரு தொகைக்குப் பேசி முடித்திருக்கிறான். முழுசாகக் கட்டி முடித்தால் 'க்ளோஸ்டு' என்று வரும். 'செட்டில்டு' என்றால் பேங்க்காரன் அகராதியில் 'இவன் ஒரு முறை கைவிட்டவன்' என்று அர்த்தம்.

கேட்டேன். மறைக்கவில்லை. "அப்பா போன வருஷம் சார் அது. கட்ட முடியலை. பைக்கையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

ஏற்கெனவே இரண்டு இடத்தில் அவனுக்கு 'இல்லை' என்று சொல்லியிருந்தார்கள். நானும் சொல்லியிருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. தள்ளுபடி செய்த கடனுக்காக எந்த ஆபீஸர் மேலும் விசாரணை வந்ததில்லை. கொடுத்த கடன் கெட்டுப்போனால்தான் கையெழுத்து யாருடையது என்று தேடுவார்கள். அந்த வருஷம் என் பெண் பத்தாம் வகுப்பு. டிரான்ஸ்பர் சீசன் வேறு. பெயர் கெட்டால் எந்த மூலைக்குத் தூக்கியடிப்பார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

பேங்க் பரீட்சைக்குப் படிக்கும்போது கடனுக்கு மூன்று விஷயம் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தருவார்கள்: ஆளின் குணம், திருப்பிக் கட்டும் திறன், அவன் போடும் சொந்த முதல். இதில் குணம்தான் முதலில். ஆனால் குணத்தை எங்கே பார்ப்பது? கம்ப்யூட்டர் ஒரு எண் தருகிறது, 300-லிருந்து 900-க்குள். அது கடந்தகாலத்தைச் சரியாகத்தான் சொல்கிறது. அதில் பொய் இல்லை. 1799-ல் சாப்பல் ஹில்லில் எழுதிவைத்ததிலும் பொய் இல்லை.

இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி, விதிவிலக்கு கேட்டு, கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். ஒரு முறை கேள்வியோடு திரும்பி வந்தது. பதில் எழுதினேன். அப்புறம் சாங்ஷன் ஆனது. இன்றைய தேதிக்குப் பதினாலு தவணை கட்டியிருக்கிறான். இன்னும் நாற்பத்தாறு பாக்கி. மாசாமாசம் ஐந்தாம் தேதி காலையில் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்தக் கணக்கைத்தான்.

* * *

பென்டனின் பெரிய தவணை அவருடைய அறுபத்தேழாவது வயதில் வந்தது.

மெக்சிகோவோடு போர் முடிந்து அமெரிக்காவுக்கு ஏராளமான புது நிலம் கிடைத்திருந்தது. அங்கே அடிமை முறையை அனுமதிப்பதா வேண்டாமா என்பதுதான் நாட்டை இரண்டாகக் கிழித்த கேள்வி. மிசௌரி அடிமை முறை இருந்த மாநிலம். பென்டனிடமே அடிமைகள் இருந்தார்கள். ஆனால் புது நிலத்துக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது, அது நாட்டை உடைக்கும் என்பது அவர் நிலை. 1849-ல் மிசௌரி சட்டசபை ஒரு தீர்மானம் போட்டது: நம் செனட்டர்கள் அடிமை முறைப் பக்கம்தான் நிற்க வேண்டும். தன்னைத் தேர்ந்தெடுக்கும் சட்டசபையே உத்தரவிடுகிறது! தலையாட்டியிருந்தால் ஆறாவது முறையும் செனட்டர். மாட்டேன் என்றார். மாநிலம் முழுக்கச் சுற்றி, கூட்டம் போட்டு, முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்னார். 1850 ஏப்ரல் 17 அன்று செனட்டுக்குள்ளேயே மிசிசிப்பி செனட்டர் ஃபூட் இவரை நோக்கித் துப்பாக்கியை உருவினார். 1817-ல் ஒரு கேள்விக்காக ஆளைச் சுட்ட மனிதர், இந்த முறை கையில் ஆயுதம் இல்லாமல் நின்றார். 1851 ஜனவரியில் சட்டசபை பல சுற்று ஓட்டெடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பியது.

அவர் சும்மா இருக்கவில்லை. மக்கள் நேராக ஓட்டுப் போடும் கீழ்ச்சபைக்குப் போட்டியிட்டு 1853-ல் உள்ளே வந்தார். 1854-ல் கன்சாஸ்-நெப்ராஸ்கா மசோதாவையும் எதிர்த்தார். அந்தப் பதவியும் போனது. 1856-ல் கவர்னர் தேர்தலிலும் தோல்வி. அதே வருடம் புதுசாக வந்த குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் அவருடைய சொந்த மாப்பிள்ளை ஜான் ஃப்ரீமான்ட். அந்தக் கட்சி ஜெயித்தால் நாடு உடையும் என்று நினைத்து மாப்பிள்ளைக்கு எதிராக வேலை செய்தார் மாமனார்! நம் ஊரில் இதை யாராவது நம்புவார்களா?

மனைவி 1854-ல் இறந்தார். 1855-ல் வாஷிங்டன் வீடு தீப்பிடித்து எழுதிவைத்த கையெழுத்துப் பிரதிகளும் எரிந்தன. மறுபடி உட்கார்ந்து எழுதினார். முப்பது வருட அரசியலைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள். அதற்குமேல் நாடாளுமன்ற விவாதங்களின் சுருக்கம். புற்றுநோயோடு அந்த வேலையில் இருந்தபடியே 1858 ஏப்ரல் 10-ம் தேதி போய்ச் சேர்ந்தார். 1956-ல் ஜான் கென்னடி, மனசாட்சிக்காகப் பதவியைப் பணயம் வைத்த செனட்டர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பென்டனுக்கு ஒரு அத்தியாயம் உண்டு.

இதோடு முடித்தால் நல்ல கதைதான். ஆனால் கணக்குப் பார்க்கிறவன் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். பழங்குடி மக்களோடு வியாபாரம் செய்ய அரசாங்கமே நடத்திய கடைகளை 1822-ல் மூடவைத்ததில் பென்டனுக்குப் பெரிய பங்கு. அதனால் லாபம் ஆஸ்டர் என்ற பெருமுதலாளியின் தோல் கம்பெனிக்கு. அந்தக் கம்பெனிக்கு வக்கீல் யார்? இதே பென்டன். அவர் ஏழைக் குடியானவனுக்கு மலிவாகக் கேட்ட நிலம் ஏற்கெனவே பழங்குடிகள் வாழ்ந்த நிலம், அவர்களைக் கிளப்பும் கொள்கைக்கும் அவர் கை தூக்கியவர். அடிமை முறை பரவக் கூடாது என்றவர், வீட்டில் இருந்த அடிமைகளை வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். அந்த மனிதர்களிடம் அவர் பட்ட கடன் எந்த ரிப்போர்ட்டிலும் ஏறவில்லை. 'செட்டில்டு' என்றுகூட எழுத முடியாத கணக்கு அது.

ஆக அவர் நாணயமானவரா? முழுசாக ஆமாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. திருட்டுப் பட்டத்தோடு ஊரைவிட்டுப் போன பையன் ஐம்பது வருடம் கழித்து, தன்னிடமிருந்த ஒரே சொத்தான பதவியைக் கொடுத்து ஒரு கடனை அடைத்தான் என்று மட்டும் சொல்வேன். பதினேழு வயசு வரியை மட்டும் பார்த்து மூடியிருந்தால் அது நமக்குத் தெரிந்திருக்காது. அறுபத்தேழு வயசு வரியை மட்டும் பார்த்துக் கைதட்டினால் லூகாஸும் மற்றவர்களும் நமக்குத் தெரியாமல் போவார்கள்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். செயிண்ட் லூயியில் லாஃபயெட் பூங்காவில் 1868-ல் இவருக்குச் சிலை வைத்தார்கள். செய்தவர் ஹாரியட் ஹாஸ்மர் என்ற பெண் சிற்பி. கையில் வரைபடத்தோடு பென்டன் மேற்கே பார்த்து நிற்கிறார். பசிபிக் கடல் வரை ரயில் போடச் சொல்லி 1849-ல் பேசியபோது, மேற்குத் திசையைக் காட்டி, அதோ கீழ்த்திசை, அதுதான் இந்தியாவுக்குப் போகும் வழி என்றாராம். அந்த வாசகத்தைத்தான் சிலைக்கடியில் வெட்டியிருக்கிறார்கள். அவர் காட்டிய வழியில் இங்கே வந்து சேர்ந்திருந்தால் எங்கள் நோட்டில் "தருவதாக உறுதியளிக்கிறேன்" என்று ரிசர்வ் பேங்க் கவர்னர் போட்டிருக்கும் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "எதைத் தருவீர்கள்?" என்று நிச்சயம் கேட்டிருப்பார். பேங்க்காரன் என்ற முறையில் என்னிடம் இருக்கும் பதில், இன்னொரு நோட்டு என்பதுதான்.

அடுத்த ஐந்தாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.